அன்னம் உடம்பாகும் விதம்

மனித சரீரத்தின் ஜீரண மண்டலத்தைப் பற்றிப் பாடம் நடத்தப் புகும் உபாத்தியாயர், முதற்காரியமாகச் சுவரில் ஒரு வண்ணப் படத்தை மாட்டி, வாய், தொண்டை, உணவுக்குழல், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று மேலிருந்து கீழாகக் கோல் கொண்டு தொட்டுக் காட்டி, மாணாக்கர் அந்த வரிசையை ஒருமுறைக்கு இருமுறை உரக்கச் சொல்லக் கேட்டு மகிழ்ந்து, மாதத் தேர்விலே அதையே வினாவாகவும் விடுத்து மதிப்பெண் போடுவது நம் பள்ளிகளில் நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கம். இதனால் பிள்ளைகளுக்கு அவயவங்களின் பெயர்கள் பாடமாகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு குறும்புக்காரச் சிறுவன் எழுந்து நின்று, "சாப்பிட்ட இட்லி எதற்காக ஜீரணமாக வேண்டும் சார்? அது இட்லியாகவே இரத்தத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன குறைந்துபோகும்?" என்று கேட்டானேயானால், அந்த வண்ணப் படத்தில் எங்கே தேடினாலும் அதற்கு விடை அகப்படாது. அந்தச் சிறுவனுடைய கேள்வியிலிருந்துதான் பாடமே தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

விழுங்கிய ஆகாரம் நமக்குள்ளே போய்விட்டது என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது ஒருவகையில் மயக்கமே ஆகும். வாயில் தொடங்கி ஆசனவாயில் முடியும் அன்னப்பாதையானது இரு முனையிலும் திறந்த ஒரு நீண்ட குழல். அக்குழலின் உட்புறம் வெளியுலகத்தோடு தொடர்புடையதேயன்றிச் சரீரத்தின் உள்ளிடம் அன்று. குழந்தை விழுங்கிய காசு பெரும்பாலும் இரண்டொரு நாள் கழித்து விழுங்கியபடியே வெளிப்படுகிறதல்லவா? அந்தக் காசு குழந்தையின் உடம்பினூடே சென்றதேயன்றி, ஒருபொழுதும் உடம்புக்குள் புகவே இல்லை. சோறும் பருப்பும் எண்ணெயும் குடலின் சுவரைக் கடந்து இரத்தத்தை அடைந்தால்தான் நம்முடையவை ஆகும். அந்தச் சுவரோ பெரிய மூலக்கூறுகளுக்கு வழி விடாது. அரிசியிலுள்ள மாச்சத்தின் ஒரு மூலக்கூறு நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் குளுக்கோஸ் அணுத்திரள்கள் கோத்த நீண்ட சங்கிலி; பருப்பிலுள்ள புரதம் அமினோ அமிலங்கள் கோத்த மற்றொரு சங்கிலி. சங்கிலி அறுபட்டுத் தனித்தனிக் கண்ணிகளாக உதிர்ந்த பின்னரே உள்ளே அனுமதி. அதுமட்டுமன்று: அயற்புரதம் சிதையாமல் அப்படியே இரத்தத்தில் கலக்குமானால், சரீரம் அதை ஆகாரமாக ஏற்காமல் பகையாகக் கருதி எதிர்த்து நிற்கும். ஆகவே ஜீரணம் என்பது, பிறபொருளின் அடையாளத்தை முற்றிலும் அழித்து, எவ்வுயிருக்கும் பொதுவான சிறு சிறு கூறுகளாக அதை மாற்றும் காரியம். இவ்வளவையும் சொல்லிவிட்டுப் படத்தை மாட்டினால், படத்திலுள்ள ஒவ்வோர் அவயவமும் ஒரு காரணத்தோடு நிற்பதைப் பிள்ளைகள் காண்பார்கள்.

படத்தை மாட்டுவதற்கு முன் இன்னொரு காரியமும் உண்டு. மனித உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் வரைந்த வெற்றுத் தாளை ஒவ்வொரு மாணாக்கன் கையிலும் கொடுத்து, ஒரு வாய்ச் சோறும் ஒரு மடக்குத் தண்ணீரும் செல்லும் வழியை அவரவர் எண்ணப்படி வரையச் சொல்ல வேண்டும். சோற்றுக்கு ஒரு குழாயும் தண்ணீருக்கு வேறொரு குழாயுமாகப் போட்டு, தண்ணீர்க் குழாயை நேரே சிறுநீர்ப் பையில் கொண்டுபோய் முடிக்கும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் சிலராவது இருப்பார்கள். பாவம், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. உண்டது ஒரு வழியாகவும் குடித்தது ஒரு வழியாகவும் வெளியேறுவதைத் தினந்தோறும் காண்கிறவர்கள் வேறென்ன அனுமானம் செய்ய முடியும்? இரைப்பையைத் தொப்புளுக்கு நேராகவோ அதற்கும் கீழாகவோ வைப்பவர்கள் மிகப் பலர். உண்மையில் அது உதரவிதானத்தை ஒட்டினாற்போல, பெரும்பகுதி இடப்புறத்து விலா எலும்புகளின் மறைவில், நாம் நினைப்பதைவிட நன்றாக மேலே இருக்கிறது. பிள்ளைகளின் மனத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பது இன்னதென்று அறியாமல் அதன்மேலேயே நாம் எழுதிக்கொண்டு போவதனால்தான், தேர்வு முடிந்த மறுநாள் பழைய எழுத்தே மேலே தெரியத் தொடங்குகிறது.

இனி வாய். பல் அரைக்கிறது, நாக்கு புரட்டுகிறது, உமிழ்நீர் நனைக்கிறது என்பதெல்லாம் கண்கூடு. ஆனால் உமிழ்நீர் நனைப்பதற்கு மேலாகவும் ஒன்று செய்கிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணாலே காண வேண்டும். அதற்கு வேண்டிய சாமான்களோ எந்த ஊரிலும் கிடைப்பவை. நீர்க்கச் செய்து ஆறவைத்த சோற்றுக் கஞ்சித் தெளிவை மூன்று சோதனைக்குழாய்களில் சமமாக ஊற்றி, ஒன்றிலே வெறும் தண்ணீரும், இரண்டாவதிலே ஒரு மாணாக்கனின் உமிழ்நீரும், மூன்றாவதிலே நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றிய உமிழ்நீரும் சிறிது சிறிது சேர்த்து, மூன்றையும் உடம்புச் சூடுள்ள வெந்நீரில் நிறுத்திவிட வேண்டும். வெள்ளைப் பீங்கான் தட்டில் வரிசையாக அயோடின் சொட்டுகளை இட்டு, இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு துளி எடுத்துச் சேர்த்துக்கொண்டே வந்தால், முதற்குழாயின் துளியும் மூன்றாங்குழாயின் துளியும் கடைசிவரை கருநீலமாகவே மாறிக்கொண்டிருக்க, இரண்டாங்குழாயின் துளி மட்டும் நீலத்திலிருந்து ஊதாவாகி, ஊதாவிலிருந்து செம்பழுப்பாகி, இறுதியில் அயோடினின் இயல்பான மஞ்சள் நிறமாகவே நின்றுவிடும். கருநீலம் மாச்சத்தின் அடையாளம். நீலம் வரவில்லையென்றால் அங்கே மாச்சத்து இல்லை. கொதித்த உமிழ்நீர் ஏன் தோற்றது என்று யாராவது கேட்கும்வரை உபாத்தியாயர் வாயைத் திறக்காமலிருப்பது உத்தமம். கேட்ட பிறகு, உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்ற நொதி ஒரு புரதம் என்றும், முட்டை வெந்தால் கெட்டிப்பட்டுப் போவதற்கு எது காரணமோ அதுவே இந்நொதி கொதியில் செயலிழப்பதற்கும் காரணம் என்றும் சொல்லலாம். ஒரு நாளில் நமக்கு ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது என்ற செய்தி பிள்ளைகளை முகஞ்சுளிக்க வைக்கும், சுளித்தால் மறக்கமாட்டார்கள்.

விழுங்குதலைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. மூச்சுக்குழலின் வாய்க்குக் குரல்வளை மூடி காவலிருப்பதையும், சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழலில் கவளம் தன் பாரத்தால் விழுவதில்லை, தசைவளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகி அதைத் தள்ளிக்கொண்டு போகின்றன என்பதையும் சொன்னால் போதும். தலைகீழாக நின்றுகொண்டும் விழுங்க முடிவது அதனால்தான். இதை மட்டும் வகுப்பில் செய்து பார்க்க வேண்டாமென்று தடுத்துவிடுவது நல்லது, புரைக்கேறும்.

இரைப்பையில் என்ன நடக்கிறது என்ற விஷயத்தில் மனித குலம் ஈராயிரம் ஆண்டுகளாகச் சர்ச்சை செய்திருக்கிறது. நம் நாட்டார் ஜடராக்கினி என்று ஒரு தீயை வயிற்றுக்குள் வைத்தார்கள்; கிரேக்கரும் வயிற்றுச் சூட்டில் ஆகாரம் சமைகிறது என்றார்கள். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலே ஒரு சாரார் இரைப்பை அரைக்கிறது என்றும், மற்றொரு சாரார் அங்கே உணவு புளித்துப் பொங்குகிறது என்றும் வாதிட்டனர். வாதத்தால் தீராத இந்த வழக்கை 1752இல் பிரெஞ்சு விஞ்ஞானியான ரெயோமூர் ஒரு பருந்தின் சாட்சியத்தைக் கொண்டு தீர்க்க முற்பட்டார். செரிக்காத எலும்பையும் இறகையும் கக்கிவிடும் சுபாவம் அப்பறவைக்கு உண்டு. இரு முனையிலும் கம்பிவலை கட்டிய சிறு உலோகக் குழாயில் இறைச்சியை வைத்து அதற்கு விழுங்கக் கொடுத்தார். பருந்து கக்கிய குழாய் சிறிதும் நசுங்கவில்லை. உள்ளிருந்த இறைச்சியோ பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது. அரைத்தல் என்ற கட்சி அத்தோடு வீழ்ந்தது. பின்னர் இத்தாலியப் பாதிரியாரான ஸ்பல்லான்ஸானி, பருந்தை விட்டுத் தம்மையே சோதனைக்குள்ளாக்கி, துணிப்பைகளில் ரொட்டியையும் இறைச்சியையும் தைத்து விழுங்கி, பை வெளிப்பட்டதும் பிரித்துப் பார்த்தார். பறவைகளின் இரைப்பை ரசத்தை இறைச்சித் துணுக்கோடு சிறு கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, சூடு குறையாதிருக்கத் தம் அக்குளில் இடுக்கிக்கொண்டு நாட்கணக்கில் திரிந்தவரும் இவரே. உடம்புக்கு வெளியிலும் இறைச்சி கரைந்தது! ஆகையால் ஜீரணத்துக்கு உயிருள்ள வயிறுகூட வேண்டியதில்லை, அதன் ரசம் போதும் என்று தேர்ந்தது.

எனினும் உயிருள்ள மனிதனின் இரைப்பைக்குள்ளே எட்டிப் பார்த்தவர் ஒருவருமில்லை. அந்த வாய்ப்பு ஒரு விபத்தின் பயனாக நேர்ந்தது. அமெரிக்காவின் வடஎல்லையில், மாக்கினா என்னும் தீவில் இருந்த மிருக ரோமத்தோல் வர்த்தகக் கிடங்கிலே, 1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி ஒருவர் கையிலிருந்த துப்பாக்கி தற்செயலாக வெடித்து, மூன்று அடிக்கும் குறைவான தூரத்தில் நின்ற அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளம் படகோட்டியின் இடப்புற விலாவைப் பிளந்தது. அத்தீவின் கோட்டையிலிருந்த இராணுவ வைத்தியர் வில்லியம் போமாண்ட் ஓடிவந்து பார்த்தபோது, காயத்தின் வழியாக நுரையீரலின் ஒரு பகுதி பிதுங்கியிருந்ததோடு, இரைப்பையும் துளைபட்டு அவன் காலையில் உண்ட உணவு வெளியே வந்துகொண்டிருந்தது. பிழைக்கமாட்டான் என்று எண்ணப்பட்டவன் பிழைத்தான். ஆனால் காயம் ஆறிய விதம் விசித்திரமானது: இரைப்பையின் துளை மூடிக்கொள்ளாமல், அதன் விளிம்பு விலாத்தோலின் விளிம்போடு ஒட்டி ஆறியதால், அவன் நெஞ்சின் கீழே விரல் நுழையத்தக்க ஒரு துவாரம் நிலைத்துவிட்டது. நாளடைவில் உட்புறத்திலிருந்து ஒரு சவ்வு மடிப்பு வளர்ந்து, அத்துவாரத்துக்குத் தானாகவே ஒரு கதவாயிற்று. விரலால் அதைச் சற்றே அழுத்தினால் இரைப்பையின் உட்புறம் தெரியும்.

1825 ஆகஸ்டு முதல் தேதி நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் போமாண்ட் தம் முதற்சோதனையைத் தொடங்கினார். ஒரு பட்டு நூலில் சிறிது சிறிது இடைவெளி விட்டு, மசாலையிட்டுச் சமைத்த மாட்டிறைச்சி, உப்பிட்ட பச்சைப் பன்றிக்கொழுப்பு, உப்பிட்ட பச்சை மாட்டிறைச்சி, வேகவைத்த உப்பு மாட்டிறைச்சி, பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் ஆகியவற்றைக் கட்டி, அத்துவாரத்தின் வழியே உள்ளே விட்டார். செயின்ட் மார்ட்டின் வழக்கம்போல வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மணிக்கு நூலை இழுத்துப் பார்த்தபோது முட்டைக்கோஸும் ரொட்டியும் பாதியளவு கரைந்திருந்தன. இறைச்சித் துண்டுகள் மாறவில்லை. திரும்ப உள்ளே விட்டு இரண்டு மணிக்கு இழுத்தார். முட்டைக்கோஸ், ரொட்டி, பன்றிக்கொழுப்பு, வேகவைத்த இறைச்சி நான்கும் நூலில் சுவடின்றி மறைந்திருந்தன. வேறொரு நாள், துவாரத்தின் வழியாக எடுத்த ரசத்தைக் குப்பியிலிட்டு, இரைப்பையின் உஷ்ணமாகிய 100 டிகிரி பாரன்ஹீட்டில் வைத்து, அதில் ஒரு இறைச்சித் துண்டைப் போட்டார். சுமார் பத்து மணி நேரத்தில் துண்டு கரைந்தது; குளிர்ந்த ரசத்திலோ வேலை நடக்கவில்லை. ஆக, ஜடராக்கினி பேசியவர்கள் முழுதும் பிழைபடவில்லை. சூடு வேண்டும், ஆனால் சூடு சமைப்பதில்லை, ரசம் வேலை செய்வதற்கு அது துணை நிற்கிறது. செயின்ட் மார்ட்டினுக்குக் கோபமோ அச்சமோ வந்த வேளைகளில் இரைப்பையின் உட்சவ்வு சில சமயம் சிவந்து வறண்டும், சில சமயம் வெளிறியும் தோன்றியதையும் போமாண்ட் குறித்து வைத்தார். சாப்பிடும்போது குழந்தையைத் திட்டாதே என்று நம் பாட்டிமார் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று வேறு வேண்டியதில்லை.

1833இல் போமாண்ட் வெளியிட்ட நூல் அவரைக் கீர்த்திமான் ஆக்கியது. செயின்ட் மார்ட்டினுக்குக் கிடைத்ததோ, ஆண்டுக்கு 150 டாலரும் உணவும் உடையும் என்று எழுதிக் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம். எழுத்தறியாத அவ்வேழை அதில் கீறல்தான் இட்டிருப்பான். சோதனைகள் அவனுக்கு வலியையும் தலைச்சுற்றலையும் தந்தன. இடையிலே சொல்லாமல் கனடாவுக்கு ஓடிப்போய்ச் சில ஆண்டுகள் கழித்தே திரும்பினான். பலமுறை அழைத்தும் கடைசியில் வர மறுத்துவிட்டான். வைத்தியர் இறந்த பின்னும் இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்து 1880இல் அவன் இறந்தபோது, பிரேதத்தைப் பரிசோதனைக்கு எடுத்துப் போய்விடுவார்களே என்று அஞ்சிய குடும்பத்தார், அது நன்றாக அழுகும்வரை வைத்திருந்து, எட்டடி ஆழத்தில் புதைத்தார்கள். ஜீரணப் பாடத்தில் இக்கதைக்கு இடமென்ன என்று சிலர் கேட்கலாம். நாம் அறிந்திருக்கும் உண்மை ஒருவன் உடம்பிலிருந்து இன்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பதும் அப்பாடத்தைச் சேர்ந்ததே என்று நான் கருதுகிறேன்.

இரைப்பை ரசத்தில் இருக்கும் அமிலம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை லண்டன் வைத்தியரான பிரௌட் போமாண்டின் சோதனைகளுக்குச் சற்று முன்னரே நிரூபித்திருந்தார். அமிலம் மட்டும் போதாது, புரதத்தைத் துண்டிக்கும் மற்றொரு பொருளும் அதில் உண்டு என்று 1836இல் கண்டு அதற்குப் பெப்ஸின் என்று பெயரிட்டவர் ஜெர்மானியரான ஷ்வான். இவ்வளவு கடுமையான ரசம் இறைச்சியைக் கரைக்கும்போது, இறைச்சியாலேயே ஆன இரைப்பையை ஏன் கரைக்கவில்லை என்பது நல்ல மாணாக்கன் கேட்கும் கேள்வி. உட்சுவரின்மேல் வழவழப்பான கோழைப் படலம் ஒன்று காரத்தன்மையோடு படிந்து காக்கிறது. சேதமடையும் மேலணுக்களும் சில நாட்களுக்கொருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. பெப்ஸினும் சுரக்கும்போதே செயலூக்கத்தோடு சுரக்காமல், அமிலத்தைக் கண்ட பிறகே வீரியம் பெறுகிறது. இக்காவல் தவறினால் புண். காரமான உணவும் கவலையுமே குடற்புண்ணுக்குக் காரணம் என்று வைத்திய உலகம் நெடுநாள் சாதித்துவந்தது. ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியாவே அதற்குப் பெருங்காரணம் என்று ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் சொன்னபோது நம்பியவர் சிலரே. மார்ஷல் அக்கிருமியை வளர்த்த நீரைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சி கண்டு, தம் கட்சியை நிலைநாட்டினார். 2005இல் இருவருக்கும் நோபெல் பரிசு வந்தது. ஸ்பல்லான்ஸானியின் மரபு அற்றுப்போய்விடவில்லை!

இரைப்பையே ஜீரணத்தின் தலைமையகம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அதுவும் தவறு. இரைப்பையை அறுத்து நீக்கியபின்னும், சிறிது சிறிதாகப் பலமுறை உண்டு, வைட்டமின் பி12 ஊசியும் போட்டுக்கொண்டு மனிதர் வாழ்கிறார்கள்; சிறுகுடலை முற்றிலும் இழந்தவரோ இரத்தநாளத்தின் வழியாக உணவு ஏற்றினாலொழிய வாழ முடியாது. முக்கியமான காரியம் முழுதும் அங்கேதான் நடக்கிறது. பன்னிரண்டு விரற்கிடை நீளமுள்ள அதன் முதற்பகுதியில் கூழாகவும் புளிப்பாகவும் வந்து விழும் ஆகாரத்தைக் கணையத்தின் ரசமும் கல்லீரலின் பித்தநீரும் எதிர்கொள்கின்றன. கணைய ரசம் தன் காரத்தால் புளிப்பை முறித்து, மாச்சத்துக்கு ஒன்று, புரதத்துக்குச் சில, கொழுப்புக்கு ஒன்று என்று நொதிகளை வழங்குகிறது. பித்தநீரில் நொதி ஏதும் இல்லை. கொழுப்பைப் பொடித்துளிகளாகச் சிதறடித்து, நொதிக்கு அதிகப் பரப்பைக் காட்டுவதே அதன் ஜீரணத் தொழில். இரண்டு குப்பிகளில் தண்ணீரும் நல்லெண்ணெயும் ஊற்றி, ஒன்றிலே மட்டும் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துக் குலுக்கி மேஜைமேல் வைத்துவிட்டால், ஒன்றில் எண்ணெய் மறுபடி மேலே திரள்வதும் மற்றதில் பால்போலக் கலந்தே நிற்பதும் அத்தொழிலை விளக்கிவிடும். இரைப்பை கதவைத் திறந்துவிட்டது என்ற செய்தி கணையத்துக்கு எப்படித் தெரிகிறது? நரம்பின் வழியாகத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், ஒரு நாயின் குடற்பகுதிக்குச் செல்லும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு, அக்குடலில் அமிலத்தை ஊற்றினார்கள். நரம்பில்லாமலே கணையம் சுரந்தது. குடற்சுவரிலிருந்து ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து சென்று செய்தி சொல்கிறது என்று தெளிந்தது. ஹார்மோன் என்ற பெயர் உலகுக்கு வந்தது அதைத் தொடர்ந்துதான்.

சங்கிலிகள் அறுபட்டுக் கண்ணிகளாகிவிட்டன. இனி உள்ளே செல்ல வேண்டும். இவ்விடத்தில் வகுப்பை முற்றத்துக்கு அழைத்துப் போய், ஆறேழு மீட்டர் நீளமுள்ள கயிற்றைப் பிள்ளைகள் கையில் பிடித்துக்கொண்டு நிற்கச் செய்து, இவ்வளவும் உன் வயிற்றுக்குள் மடிந்து கிடக்கிறது என்று சொல்லலாம். நீளம் மட்டுமா? குடலின் உட்சுவர் மடிந்து மடிந்து கிடக்கிறது. மடிப்பின்மேல், டர்க்கி டவலில் நூல் சுருள்கள் நெருங்கி நிற்பதுபோல, ஒரு மில்லிமீட்டர்கூட உயரமில்லாத குடலுறிஞ்சிகள் இலட்சக்கணக்கில் நிற்கின்றன. ஒவ்வோர் உறிஞ்சியின் மேலணுவிலும் பூதக்கண்ணாடிக்கும் எட்டாத நுண்முனைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. இப்பரப்பை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் ஆகுமென்று பாடப்புத்தகங்கள் இன்றும் எழுதுகின்றன. 2014இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் இருவர் நுணுகி அளந்து பார்த்து, அன்னப்பாதையின் முழு உட்பரப்பும் சுமார் 32 சதுர மீட்டர்தான், இறகுப்பந்து மைதானத்தில் பாதிகூட வராது என்று கணக்கிட்டார்கள். பாதிக்கும் குறைவான மைதானமாயினும் ஒருவன் வயிற்றுக்குள் அது அடங்கியிருப்பது ஆச்சரியந்தான். மிகையான எண்ணை வைத்து அதை ஆச்சரியமாக்க வேண்டிய அவசியமில்லை.

உள்ளே புகுந்தபின் வழி இரண்டாகப் பிரிகிறது. குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் குடலின் நுண்ணிய இரத்தக்குழாய்களில் இறங்கி, ஒரு பெருஞ்சிரையாகக் கூடி, இதயத்துக்கு நேரே போகாமல் முதலில் கல்லீரலுக்குப் போகின்றன. வந்த சரக்கைப் பார்வையிட்டு, வேண்டியதை விட்டு, மிகுந்ததைச் சேமித்து, நச்சை முறித்து அனுப்புவது கல்லீரலின் அதிகாரம். கொழுப்பின் பெரும்பகுதி மட்டும் அங்கே கணக்குக் காட்டாமல், பால்வெள்ளை நிணநீராக வேறு குழாய்களில் ஏறி, மார்பினூடே சென்று, இடத்தோளுக்கு அருகில் இரத்தத்தில் கலக்கிறது. உணவு உண்ட நாயொன்றை 1622இல் அறுத்துப் பார்த்த இத்தாலிய வைத்தியர் அஸெல்லி, குடலை ஒட்டி வெண்ணிற இழைகள் ஓடுவதைக் கண்டு நரம்பென்று எண்ணி வெட்ட, அதிலிருந்து பால்போன்ற திரவம் வழிந்ததாம். பட்டினி கிடக்கும் நாயில் அவ்விழைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பெருங்குடலைப் பாடப்புத்தகங்கள் இரண்டு வரியில் முடித்துவிடும். அங்கே நீர் உறிஞ்சப்படுகிறது என்பது உண்மையே; ஆனால் நீரின் வரவுசெலவைப் பார்த்தவர்கள் அவ்வளவு அலட்சியமாகப் பேசமாட்டார்கள். நாம் குடிப்பதும் உணவிலிருப்பதுமாக நாளொன்றுக்குச் சுமார் இரண்டு லிட்டர். உமிழ்நீர், இரைப்பை ரசம், பித்தநீர், கணைய ரசம், குடல் ரசம் எல்லாம் சேர்ந்து சுமார் ஏழு லிட்டர். ஆக ஒன்பது லிட்டர் நீர் தினந்தோறும் குடலுக்குள் இறங்குகிறது. அதில் ஏழரை லிட்டர் அளவைச் சிறுகுடலே மீட்டுவிடுகிறது. மிச்சத்தைப் பெருங்குடல் மீட்டு, 100 அல்லது 200 மில்லிலிட்டரை மட்டும் மலத்தோடு விடுகிறது. நம்மால் செரிக்க முடியாத நார்ப்பொருளை அங்குள்ள பாக்டீரியாக்கள் தமக்கு ஆகாரமாக்கிக்கொண்டு, அதற்குக் கைம்மாறாகச் சில அமிலங்களையும் வைட்டமின் கே-யையும் நமக்குத் தருகின்றன.

இந்த ஒன்பது லிட்டர் கணக்கு தவறும்போது என்ன ஆகும் என்பதைக் காலரா காட்டியது. அந்நோயின் நஞ்சு குடலணுக்களை ஏமாற்றி உப்பையும் நீரையும் இடைவிடாமல் வெளியே கொட்டச் செய்கிறது. ஒரே நாளில் மனிதன் வற்றிப்போய் மாள்கிறான். வாயால் கொடுக்கும் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். சிரையில் ஏற்றும் உப்புநீரோ எல்லோருக்கும் கிட்டாது. 1960இல் பிராகு நகரில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்கர், குடலணுவில் குளுக்கோஸ் நுழையும் வாயிலானது சோடியமும் கூடவே வந்தால்தான் திறக்கிறது என்ற கொள்கையை வெளியிட்டார். சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே போனால் நீர் தானே பின்தொடரும். காலரா நஞ்சு அந்த வாயிலைத் தொடுவதில்லை. 1971இல் வங்கப் போரின் அகதிகள் இலட்சக்கணக்கில் எல்லையைத் தாண்டி வந்து, மேற்கு வங்கத்துப் போன்காவ் ஊரில் காலராவால் தரையெங்கும் கிடந்தபோது, சிரைக்கு ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோகவே, குழந்தை வைத்தியரான திலீப் மஹலனாபிஸ் குளுக்கோஸையும் உப்பையும் சமையல் சோடாவையும் பொட்டலம் கட்டி, பீப்பாய்களில் கரைத்து, நோயாளியின் உறவினரே மொண்டு குடிக்கக் கொடுக்கும்படி செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில், மரணம் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது.

பாடத்தின் கடைசி வகுப்பில் மாணாக்கர் தம் கையாலேயே அக்கரைசலைச் செய்யலாம். மருந்துக்கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே முதற்றரம், அது கிட்டாத இடத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் என்பது அளவு. சர்க்கரையைக் குழந்தை விரும்புகிறதே என்று ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டால் என்ன என்று யாராவது கேட்பார்கள். உறிஞ்சப்படாமல் மிஞ்சும் சர்க்கரை குடலில் நின்று உடம்பின் நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும், பேதி குறைவதற்கு மாறாகக் கூடும். உப்பு கூடினாலோ குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ஆகையால் கரண்டியைக் குவித்து அளக்காமல், கத்தியின் முதுகால் தலையை வழித்துவிட்டு அளக்க வேண்டும்.